'நன்றி: கூகுள்' என்றால் நன்றி யாருக்கு?

தீபாவளி மலர், பள்ளி ஆண்டு மலர், கோவில் கொடை அழைப்பிதழ், வாட்ஸ்அப்பில் வரும் ஊர் வரலாறு, எதை எடுத்தாலும் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "நன்றி: கூகுள்". சிலவற்றில் "படம்: இணையம்" என்று இருக்கும். சிலர் அதுவும் போடுவதில்லை. கூகுள் இந்தப் படங்களை எடுக்கவில்லை. எந்த வீட்டில் எந்தப் படம் இருக்கிறது என்று கை காட்டுகிறது, அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்துக்கு வழி சொன்ன பெட்டிக்கடைக்காரருக்கு மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வருவது போல இருக்கிறது இந்த நன்றி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மத்திய கலால் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, தீப்பெட்டிக் கணக்குப் பார்க்க இந்தச் சீமைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். அந்நாளில் தீப்பெட்டியில் ஒட்டிய வரிப்பட்டைக்கு 'பேண்டரோல்' என்று பெயர். அது பிரெஞ்சுச் சொல் என்று நான் சொன்னால் சிவகாசிக்காரர்கள் சிரிப்பார்கள். பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் படிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. அங்கே படத்தின் ஓரத்தில் எடுத்தவர் பெயரைச் சிறிய எழுத்தில் போடுவார்கள். எடுத்தவர் யாரென்று தெரியாவிட்டால் 'தே எர்' என்று இரண்டு எழுத்து. 'உரிமை காக்கப்பட்டது' என்று அதற்குப் பொருள். யாருடைய உரிமை என்றுதான் தெரியாது. தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு அந்த இரண்டெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள் என்று அந்த நாட்டுப் புகைப்படக்காரர்கள் பல காலமாகக் குறைபட்டு வருகிறார்கள். ஆக, 'நன்றி: கூகுள்' நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கமில்லை.

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட படங்களுக்கு நாம் தர வேண்டிய விலை ஒன்றே ஒன்றுதான். அது எடுத்தவரின் பெயர். அந்த விலை எப்படி ஏற்பட்டது என்பது கொஞ்சம் நீண்ட கதை.

தானமாக வந்த கலை

புகைப்படக் கலையே உலகத்துக்குத் தானமாக வந்ததுதான். 1839-இல் லூயி தாகேர் என்ற பாரிஸ்காரர் கண்டுபிடித்த முறையைப் பிரெஞ்சு அரசு விலைக்கு வாங்கியது. தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் ஓய்வூதியம். அவருக்கு முன்பே இந்த வேலையில் இறங்கி, 1833-இல் இறந்துபோன நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க். அந்த ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் தேதி செய்முறை முழுவதையும் அறிவியல் கழகத்தில் எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட்டார்கள். யாரும் செய்துகொள்ளலாம், காசு தர வேண்டாம். இங்கிலாந்தில் மட்டும் தாகேர் தரப்பில் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார்கள் என்பது தனிக் கதை.

முறைக்குத் 'தாகேரோடைப்' என்று பெயரும் வந்தது. நியெப்ஸின் பெயர் பின்னுக்குப் போனது. இன்னொருவர் பெயர் அறவே விட்டுப்போனது. அவர் இப்போலித் பயார். நிதி அமைச்சகத்தில் அரசு ஊழியர், நம் இனம். காகிதத்தில் நேரடியாகப் படம் பிடிக்கும் முறையை அவரே தனியாகக் கண்டுபிடித்து, தாகேரின் முறை வெளியாவதற்கு முன்பே, 1839 ஜூனில் தம் படங்களைப் பொதுமக்கள் பார்க்க வைத்தார். ஆனாலும் பேரும் பணமும் தாகேருக்கே போயின. 1840-இல் பயார் ஒரு காரியம் செய்தார். நீரில் மூழ்கி இறந்த பிணம் போலச் சாய்ந்து உட்கார்ந்து தம்மைத் தாமே படம் எடுத்தார். அரசு தாகேருக்கு வாரிக் கொடுத்துவிட்டு இவருக்கு ஒன்றும் செய்யாததால் இந்த மனிதர் மூழ்கிவிட்டார் என்ற பொருளில் படத்தின் பின்புறம் எழுதியும் வைத்தார். புகைப்படம் பிறந்த மறு வருஷமே, 'என் பெயர் எங்கே' என்று கேட்கும் புகைப்படமும் பிறந்துவிட்டது.

அது பாரிஸில். நம் பக்கம் 1857-58-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், புதுக்கோட்டை என்று பெரிய கேமராவோடு சுற்றினார். திருமலை நாயக்கர் மகால் அன்றைக்கு எப்படி இருந்தது என்று இன்று நாம் பார்க்க முடிவது அவர் புண்ணியத்தில். அந்தப் படங்களுக்கு எப்போதோ உரிமைக் காலம் முடிந்துவிட்டது. யாரும் எடுத்துப் போடலாம். அப்படியும் நல்ல நூலகங்கள் எல்லாம் அவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. பெயர் இருப்பதால்தான் அது 1858 என்று நமக்குத் தெரிகிறது.

காலண்டர் மூலையில் ஒரு கையெழுத்து

தீப்பெட்டித் தொழிலைக் கற்க அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய் வந்த கதை நம்மவர்களுக்குப் பாடம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும் என்று லித்தோ வந்தது, அதிலிருந்து காலண்டர் வந்தது. லேபிளில் புலியும் மயிலும் வரைந்தவர் யாரென்று இன்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் சாமிப் படக் காலண்டரில் கீழ் மூலையைப் பார்த்தால் ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கும். அவற்றில் பெரிய பெயர் சி. கொண்டையராஜு (1898-1976).

சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராக வந்து, 1940-களில் கோவில்பட்டியில் நிலைத்தார். டி.எஸ். சுப்பையா முதலான சீடர்கள் அவரிடம் உருவானார்கள். அவர்கள் வரைந்த லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுவதும் போயின. பழைய வருஷத்துக் காலண்டரில் தேதித் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத வீடு உண்டா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அப்படியானால் எல்லாருக்கும் சொந்தம்தானே என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம் நாட்டில் ஓவியத்துக்கு உரிமைக் காலம் வரைந்தவர் ஆயுளும், அவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டும். கொண்டையராஜு 1976-இல் மறைந்தார். ஆகவே அவர் ஓவியங்களுக்கு 2036 முடிய உரிமை உண்டு. அதைப் படம் எடுத்தோ ஸ்கேன் செய்தோ 'இலவசம்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. ரவிவர்மா 1906-இலேயே மறைந்துவிட்டதால் அவர் ஓவியங்களுக்கு அந்தத் தடை இல்லை. அடுத்தடுத்த ஆணியில் தொங்கும் இரண்டு லட்சுமிகளில் ஒன்று பொதுச்சொத்து, மற்றது இன்னும் இல்லை.

1957

பிரான்சிலும் இந்தியாவிலும் இன்றைய உரிமைச் சட்டங்களுக்கு வேர் ஒரே ஆண்டில் இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டம் 1957 மார்ச்சில் வந்தது. நம் பதிப்புரிமைச் சட்டமும் 1957-தான், நடைமுறைக்கு வந்தது 1958 ஜனவரியில். பிரெஞ்சில் 'துருவா மொரால்' என்று ஒன்று உண்டு. படைப்பாளியின் தார்மிக உரிமை என்று சொல்லலாம். படத்தை விற்கலாம், அச்சடிக்கும் உரிமையை எழுதிக் கொடுக்கலாம், ஆனால் 'இது என் கை வேலை' என்று சொல்லும் உரிமையை விற்க முடியாது. அதற்குக் காலக்கெடுவும் கிடையாது.

நம் சட்டத்தில் அதற்கு இணையானது 57-ஆம் பிரிவு. தில்லி விக்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அரசு காசு கொடுத்துச் செய்வித்தது, அரசின் பொருள். ஆனாலும் சிற்பி வழக்குப் போட்டு, 2005-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இந்தப் பிரிவின்படி வென்றார்.

நம் வீட்டு விஷயமும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுத்த கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தவருக்கே முதல் உரிமை என்கிறது 17-ஆம் பிரிவு. ஆனால் படைப்பாளி யார் என்று கேட்டால், கேமராவைப் பிடித்தவர்தான். ஆல்பம் நம்முடையது, பெயர் அவருடையது.

தமிழ்நாட்டில் இன்னொரு பெரிய தானமும் நடந்தது. 1949-இல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையை வாங்கி, பின்னர் அதை மக்களுக்கே விட்டுவிட்டது. தாகேர் விஷயத்தில் பிரெஞ்சு அரசு செய்ததையே நம் அரசு கவிதைக்குச் செய்தது. அன்று முதல் யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சடிக்கலாம். ஆனால் பாட்டைப் போட்டுவிட்டுக் கீழே பாரதியார் என்று போடாதவரைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டுக்கு நமக்கு அந்த நியாயம் தெரிகிறது. அதே பக்கத்தில் முண்டாசும் மீசையுமாக ஒரு பாரதி படம் இருக்கிறதே, பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் இருக்கிறதே, அந்த ஓவியத்தை வரைந்தவர் ஆர்யா என்ற பாஷ்யம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்றைய அன்னதானச் சாவடி

இணையம் வந்த பிறகு, படம் எடுப்பவரே 'இதை யாரும் பயன்படுத்தலாம்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காக 2001-இல் அமெரிக்காவில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு தொடங்கியது. 2002 டிசம்பரில் அதன் முதல் உரிமங்கள் வந்தன. இவற்றை அரசு ஆணைகளில் வரும் நிபந்தனைகள் போலப் படித்தால் குழப்பம் இல்லை. 'பிஒய்' என்றால் எடுத்தவர் பெயரைப் போடு. 'எஸ்ஏ' என்றால் இதை மாற்றி நீ செய்வதையும் இதே நிபந்தனையில் பிறருக்கு விடு. 'என்சி' என்றால் வியாபாரத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றாதே. 'சிசி ஜீரோ' என்றால் நிபந்தனையே இல்லை.

2004 செப்டம்பரில் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுக் கிடங்கு தொடங்கியது. இன்று அதில் பத்துக் கோடிக்கும் மேல் கோப்புகள் உள்ளன. 'என்சி', 'என்டி' மட்டும் உள்ள படங்களை அங்கே சேர்ப்பதில்லை. அதனால் அங்குள்ள படத்தை, உரிமத்தின் நிபந்தனைப்படி, சிவகாசி அச்சகம் காலண்டரில்கூடப் போடலாம். தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. 2011 இறுதியில் தமிழ் விக்கிப்பீடியர்கள் ஓர் ஊடகப் போட்டி அறிவித்தார்கள். 2012 தொடக்கம் வரை நடந்த அதில், தமிழர் வாழ்வைக் காட்டும் படங்களை நம் ஊர்க்காரர்களும் ஈழத்தவர்களும் அயலகத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் அந்தக் கிடங்குக்குக் கொடுத்தார்கள். உரல், உலக்கை, பனை ஏறுதல், தேர் என்று நம் கட்டுரைகளுக்குத் தேவையானது ஏதாவது அங்கே கிடைக்கும்.

எனக்கு வழக்கமான முறை இது. முதலில் காமன்ஸில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவேன். கூகுளில் தேடினால், படப் பிரிவில் பயன்பாட்டு உரிமை என்ற இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்துகொண்டு, பிறகு படம் இருக்கும் மூலப் பக்கத்துக்கே போய்ப் பார்ப்பேன். பக்கத்துக்குப் போனதும் கோப்பைப் புரட்டுவது போல நான்கு விஷயம்: எடுத்தவர் யார், எப்போது, எங்கே, என்ன உரிமம். போட்டவரே எடுத்தவரா என்பதும் பார்க்க வேண்டும். 1940-ஆம் ஆண்டுப் படத்துக்கு 'என் சொந்தப் படைப்பு' என்று ஓர் இளைஞர் எழுதியிருந்தால், அந்த உரிமம் செல்லாக் காசு.

கீழே போட வேண்டிய வரி பெரிய வித்தை இல்லை. "படம்: (எடுத்தவர் பெயர்), விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, ஓரம் வெட்டப்பட்டது" என்று போட்டு, படத்தின் பக்கத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்புக் கொடுத்தால் போதும். எடுத்தவர் தமக்குப் புனைபெயர் வைத்திருந்தால் அதையே போட வேண்டும். பழைய படமென்றால் "லின்னேயஸ் டிரைப், 1858, பொதுவுடைமை". மொத்தம் ஒரு வரி.

தேடிக் கிடைக்காவிட்டால் நாமே எடுக்கலாம். பராசக்தி மாரியம்மன் கோவில் கோபுரத்தையும், பொது இடத்தில் நிலையாக நிற்கும் காமராஜர் சிலையையும் படம் எடுத்து வெளியிட நம் சட்டம் 52-ஆம் பிரிவில் இடம் கொடுக்கிறது. பிரான்சில் இவ்வளவு தாராளம் இல்லை. ஈஃபிள் கோபுரத்தின் இரவு விளக்கு அலங்காரத்துக்கே தனி உரிமை கேட்பார்கள்.

பெயர் இல்லாத படம்

மரியாதைக்காக மட்டும் நான் பெயர் பெயர் என்று அடித்துக்கொள்ளவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்ததாக அன்று செய்தி வந்தது. அதற்குப் பின்பும் இந்தப் பக்கம் விபத்துகள் நின்றபாடில்லை. ஒவ்வொரு முறையும் சற்று நேரத்தில் கைப்பேசிக்குப் படங்கள் வருகின்றன. அவற்றில் சில, நான் முன்பே வேறு விபத்துக்குப் பார்த்த படங்கள். ஒருமுறை ஓர் அம்மாள் தன் தம்பி வேலை செய்யும் ஆலை என்று நினைத்து, அப்படி ஒரு பழைய படத்தைப் பார்த்துத் தெருவில் நின்று அழுதார். அன்று அந்த ஆலையில் ஒன்றும் நடக்கவில்லை. எடுத்தவர் பெயரும் தேதியும் அந்தப் படத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த அழுகை இல்லை. தேதியும் கையொப்பமும் இல்லாத தாளை நாங்கள் கோப்பில் சேர்க்க மாட்டோம். படமும் ஒரு தாள்தானே?

படத்தின் முதுகு

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வயதுக்காரர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஸ்டூடியோ படங்கள் இருக்கும். அட்டையில் ஒட்டி, கீழே ஸ்டூடியோ பெயரை அழுத்திப் பதித்திருப்பார்கள். அல்லது பின்புறம் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், நெகடிவ் எண்ணும் பென்சிலில் எழுதியிருக்கும். பயார் எழுதி வைத்ததும் படத்தின் முதுகில்தான். இப்போது பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து, அட்டையைப் பிரித்து, முன்பக்கத்தை மட்டும் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த நிமிஷத்தோடு எடுத்தவர் பெயர் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, கூட்டம், தேர்த் திருவிழா, புயல் என்று எல்லாவற்றையும் எடுத்தவர். இப்போது இல்லை. அவர் எடுத்த ஊர்வலப் படம் ஒன்று என் கைப்பேசிக்கு நாலைந்து முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் பெயரில், அல்லது பெயரே இல்லாமல். அவர் மகனுக்கே அது அப்பா எடுத்தது என்று தெரியவில்லை. என்னிடமுள்ள பிரதியின் பின்புறம் ஸ்டாம்ப் இருந்ததால் காட்ட முடிந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

1956-இல் தமிழ்நாடு என்ற பெயருக்காகத் தேசபந்து மைதானத்தில் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு இருந்தார். ஜூலை 27-இல் தொடங்கி, அக்டோபர் 13-இல் உயிர் விட்டார். அத்தனை நாளில் எத்தனை பேர் வந்து பார்த்திருப்பார்கள்! யாரோ ஒருவர் எடுத்த படம் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கலாம். 1958-க்கு முன் எடுக்கப்பட்ட இந்தியப் புகைப்படங்களைக் காமன்ஸில் பொதுவுடைமையாக ஏற்கிறார்கள். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் ஊருக்குக் கொடுங்கள்.

கொடுக்கும்போது இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டாம்ப் இல்லாவிட்டால் எந்த ஸ்டூடியோ, எந்த வருஷம், நிற்பவர்கள் யார் யார் என்று நினைவிருக்கும்போதே பென்சிலால் பின்புறம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பேரப்பிள்ளைக்குக் கணினி தெரியும், ஆனால் படத்தில் இருப்பவரின் பெயர் தெரியாது. நமக்குத்தான் தெரியும். நாம் எழுதாவிட்டால் அவன் என்ன செய்வான், பாவம்? "நன்றி: கூகுள்" என்றுதான் போடுவான்.